வயிறு தள்ளிய சுவர்

விருதுநகர் பஜார்ப் பக்கம் ஒரு பழைய வத்தல் கிட்டங்கி. சரக்கு காலியான பிறகும் மிளகாய் நெடி சுவரை விட்டுப் போகவில்லை. கொத்தனார் சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ‘ணங்’ என்றால் விட்டுவிடுவார். ‘பொத்’ என்றால் கரித்துண்டால் ஒரு வட்டம். அங்கே உள்ளே சாந்து பொடிந்து கூடு விழுந்திருக்கிறது. பிறகு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். தெருப்பக்கச் சுவர் நடுவில் இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

“வயிறு தள்ளிருச்சு சார்.”

பட்டாசு ஆலை வெடிச்ச அதிர்ச்சிதான் காரணம் என்று அடித்துச் சொன்னார் கிட்டங்கிக்கார அண்ணாச்சி. சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் எந்த விரிசலுக்கும் இதுதான் முதல் பதில். கொத்தனார் மறுத்துப் பேசாமல் மூலையைக் காட்டினார். உச்சியில் அகலமாகத் தொடங்கி, கீழே வர வர மெலியும் வெடிப்பு. நெடுஞ்சுவரும் குறுக்குச்சுவரும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டாமல் கட்டப்பட்டவை. மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒழுகிய போதெல்லாம் அதன்மேல் இன்னொரு அடுக்குத் தட்டோடு. இத்தனை கனமும் ஆடினால் சுவரை வெளியேதான் தள்ளும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் கல்வீடுகள் பல இப்படித்தான் மூலை பிரிந்து விழுந்தன.

விருதுநகரை 2002 நிலநடுக்க வரைபடம் இரண்டாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து குறைந்த மண்டலத்தில் வைத்தது. பிறகெதற்கு, நடுக்கத்தைத் தாங்கச் சுவரைப் பலப்படுத்தும் இந்தச் செலவு? பூமி ஆடாமலே 2010 மே மாதம் ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம் சரிந்ததே. 1516இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமும் அடியில் கல், மேலே செங்கல், சுதை. நடுக்கத்துக்குச் செய்கிற வைத்தியத்தில் முக்கால்வாசி மூப்புக்கும் ஆகும் என்பது என் கணக்கு.

முதலில் தட்டோட்டை உரித்துக் கனத்தைக் குறைத்தார்கள். பிறகு கரி வட்டங்களில் துளை போட்டு, குழாய் செருகி, சலித்த சுண்ணாம்புக் கரைசலைக் கீழிருந்து மேலாக ஏற்றினார்கள். மேல்துளையில் வழிந்தால் கீழ்த்துளையை அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது முறை. சிமென்ட் பூசினால் வேலை சீக்கிரம் முடியுமே என்றார் அண்ணாச்சி. பழைய செங்கலின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிரும் என்றார் கொத்தனார். பந்தல்குடிக் கல் சிமென்ட் ஆலைக்குப் போகிற மாவட்டத்தில் நல்ல சுண்ணாம்புக்கு அலைய வேண்டியிருக்கிறது!

கடைசியாக, எதிரெதிர்ச் சுவர்களைக் கூரை மட்டத்தில் துருப்பிடிக்காத கம்பியால் இணைத்து, வெளியே தகடு வைத்து நட்டு போட்டார்கள். ஒரேயடியாக முறுக்கினால் செங்கல் நொறுங்கும். ஒரு பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று, நடுநடுவே தூக்குக்குண்டு. தள்ளிய வயிற்றை உள்ளே இழுக்க அவர் முயலவில்லை, அதற்குமேல் போகாமல் நிறுத்தினால் போதும் என்றார். விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார். சில்லு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

தகடுகள் முகப்பைக் கெடுக்கின்றன, மேலே பூசி மறைத்துவிடு என்றார் அண்ணாச்சி.

“மறைச்சா நட்டு தளர்ந்தது யாருக்குத் தெரியும் அண்ணாச்சி?”

“அப்ப பெயிண்டாவது அடிச்சு விடுப்பா.”