கெசாங் ஆற்றைக் கடக்க எதற்கெல்லாம் பெர்மிட் வேண்டும்?

மலாக்கா நகரை விட்டுக் கடலோரச் சாலையில் மூவார் நோக்கிப் போனால், சுட்ட மீனுக்குப் பெயர்போன உம்பாய் வரும். அங்கே ஒரு பள்ளிவாசல் வளாகத்தில் ஜொகூர் சுல்தான் அலி அடக்கமாகியிருக்கிறார். மெர்லிமாவுக்குப் போகிற வழியில் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நான் பார்க்கப் புறப்பட்ட எல்லைக்கோட்டின் கதையில் அவருக்கும் பங்கு உண்டு. 1855 உடன்படிக்கையில் ஜொகூரின் ஆட்சி தெமெங்கோங் டாயிங் இப்ராகிமின் கைக்குப் போய்விட்டது. அலிக்கு மிஞ்சியது சுல்தான் என்ற பட்டமும், கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் நடுவே கிடந்த நிலத்துண்டும். 1877-இல் அவர் உம்பாயில் கண்மூடிய பிறகு அந்த நிலமும் ஜொகூரோடு சேர்ந்தது. கெசாங்கின் இக்கரை பிரிட்டிஷாரின் மலாக்கா, அக்கரை ஜொகூர் என்றானது.

அந்த ஆற்றைத் தாண்ட இன்று எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம். தூண்டிவிட்டது கனடா. அமெரிக்கா வரிச்சுவர் எழுப்பத் தொடங்கியதும், மாகாணத்துக்கு மாகாணம் நாமே கட்டி வைத்திருக்கும் சுவர்களை முதலில் இடிப்போம் என்ற பேச்சு அங்கே வலுத்தது. 2025 ஜூனில் அதற்கென ஒரு கூட்டரசுச் சட்டமே நிறைவேறியது. ஒரு மாகாணத்தின் விதிக்குப் பொருந்திய சரக்கை, அதையொத்த கூட்டரசு விதிக்கும் பொருந்தியதாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் இந்தக் கதை எப்படி இருக்கிறது? மாநில எல்லைக்கு அருகிலேயே இருக்கும், தமிழர் வாழும் மெர்லிமாவைவிட இதைப் பார்க்க நல்ல இடம் கிடைக்காது.

மெர்லிமாவ் சந்தையில் நின்று ஒரு சுற்றுப் பார்வை விட்டாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. முட்டைக்கோஸ் பகாங்கின் கேமரன் மலையிலிருந்து வந்தது. மீன் மூவாரிலிருந்து வந்தது. அரிசி மூட்டையில் கெடா என்றிருக்கிறது. எந்த மாநிலத்துச் சரக்கென்று கேட்டு வரி வாங்க இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை வாணிபத்தையும் சுங்கத்தையும் மத்திய அரசின் பட்டியலில் வைத்துவிட்டது. நிலம், காடு, கனிமம் போன்றவற்றின் வருவாய்தான் மாநிலங்களுக்கு. ஜொகூர் மீனுக்கு வரி போட மலாக்கா முதலமைச்சர் நினைத்தாலும் முடியாது.

இது தானாக வந்த சுதந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1826-இல் பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்த்து நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக்கப்பட்டது மலாக்கா. அந்தக் குடியேற்றங்கள் தீர்வையில்லாத் துறைமுகக் கொள்கையில் வாழ்ந்தவை. மலாய் மாநிலங்களோ ஏற்றுமதி, இறக்குமதித் தீர்வையில் கஜானாவை நிரப்பியவை. ஜொகூருக்குத் தனிச் சுங்கமே இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஆளுநர் செசில் கிளமெண்டி மலாயா முழுவதையும் ஒரே சுங்க வட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். சிங்கப்பூர், பினாங்கு வணிகர்கள் ஒன்றாய் எதிர்த்தார்கள். தீர்வை இல்லாததுதான் அவர்கள் பிழைப்பு. திட்டம் கைவிடப்பட்டது.

அந்தச் சண்டை மலேசியா பிறந்த பிறகும் ஓயவில்லை. 1963 மலேசிய உடன்படிக்கையின் ‘ஜே’ இணைப்பு, சிங்கப்பூருக்கும் மற்ற மாநிலங்களுக்கும் இடையே பொதுச் சந்தை அமைக்க வேண்டும் என்றது. அதற்கு வழி சொல்ல ஜாக் ரூயெஃப் என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர் தலைமையில் உலக வங்கிக் குழு ஒன்று வந்துபோயிருந்தது. பொதுச் சந்தை முழுமையாக உருவாகுமுன்பே, 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்துபோனது. பினாங்கின் தீர்வையற்ற தகுதி 1969-இல் எடுக்கப்பட்டதும் அந்தத் தீவில் வேலையில்லாதோர் பெருகினார்கள். பாயான் லெப்பாசில் 1972-இல் தொழிற்சாலைகளுக்கான தீர்வையற்ற மண்டலம் வந்தது அதற்குப் பிறகுதான். உள்நாட்டுச் சுவர் ஒன்றை எடுத்தால் அதன் நிழலில் பிழைத்தவர்களுக்கு மாற்று வழி காட்டியாக வேண்டும். பினாங்கு அந்தப் பாடத்தை அனுபவித்தே கற்றது.

சந்தையை விட்டுத் தோட்டப் பக்கம் போனேன். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலமெல்லாம் இப்போது செம்பனை. லயத்தில் வளர்ந்து, ஓய்வுபெற்ற பிறகு ஆடு வளர்க்கும் ஒரு பெரியவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார் ஒரு நண்பர். தரையை உயர்த்தி, இடைவெளி விட்டுப் பலகை அடித்த கொட்டகை. ஜம்னாபாரி கலப்பு ஆடுகள் செம்பனை மட்டையின் இலையை மென்றுகொண்டிருந்தன.

“மூவார்ல என் மச்சான் வீட்டுல முனியாண்டிக்குக் கிடா வெட்டு. உங்க கிடாதான் வேணும் மாமான்னு பிள்ளைங்க கேட்டாங்க. இங்கிருந்து பாலம் தாண்டினா ஜொகூர். ஆனா சும்மா ஏத்திக்கிட்டுப் போக முடியாது தம்பி. பெர்மிட் எடுக்கணும்” என்றார்.

“ஒரு கிடாவுக்குமா?”

“ஒண்ணு என்ன, நூறு என்ன. மாநிலம் தாண்டினா பெர்மிட்தான்.”

சந்தையில் கிடைத்த பாதி விடைக்கு மீதி இங்கே கிடைத்தது. வாணிபத்துக்கு மாநில எல்லை இல்லை, உயிரோடு இருக்கும் ஆடுமாடுகளுக்கு உண்டு. 1953-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் மாடு, ஆடு, பன்றியை மாநிலம் விட்டு மாநிலம் நகர்த்தக் கால்நடை சேவைத் துறையின் அனுமதி கேட்கின்றன. நோய் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரியவருக்கு இது எரிச்சல்தான். ஆனால் தேவையில்லாத விதி என்று அவரும் சொல்லவில்லை. இந்த நாட்டில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 1998-இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தலைகாட்டிய நோய், லோரியில் ஏற்றி அனுப்பப்பட்ட பன்றிகளோடு நெகிரி செம்பிலானுக்கு வந்து சேர்ந்தது. அங்கே சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயராலேயே அந்தக் கிருமி இன்று உலகமெங்கும் அறியப்படுகிறது. 1999-இல் அது அடங்குவதற்குள் 265 பேரைத் தாக்கி 105 உயிர்களை வாங்கிவிட்டது. பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் பன்றி வெட்டும் தொழிலாளர்களையும் அது விடவில்லை. அண்மைக் கதையும் உண்டு. 2021-இல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் நாட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மலாக்காவின் பாயா மெங்குவாங்கில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. எல்லையில் ஒரு காகிதம் கேட்பது இவற்றையெல்லாம் தடுத்துவிடும் என்றில்லை. ஆனால் எங்கிருந்து எது எங்கே போனது என்ற தடமாவது மிஞ்சும்.

கனடா உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன ஒரு தீர்ப்பு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஜெரார் கொமோ என்பவர் கியூபெக்கில் மலிவாகப் பீர் வாங்கி நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அளவுக்கு மேல் கொண்டுவந்ததற்காக 292.50 டாலர் அபராதம். ஒரே நாட்டுக்குள் சரக்குத் தடையின்றிப் போகலாம் என்று 1867 அரசமைப்புச் சட்டமே சொல்கிறதே என்று வழக்காடித் தோற்றார். வியாபாரத்தை மறிப்பதே ஒரு விதியின் முக்கிய நோக்கமாக இருந்தால் அது செல்லாது. வேறொரு பொது நன்மைக்கான ஏற்பாட்டில் மறிப்பு பக்கவிளைவாக வந்தால் செல்லும் என்றது நீதிமன்றம். பீர் விஷயத்தில் அந்தத் தீர்ப்பை ஏற்காதவர்கள் நிறைய. ஆனால் மெர்லிமாவ் கிடாவுக்கு அந்த அளவுகோல் கச்சிதமாகப் பொருந்துகிறது. இங்கே நோக்கம் நோய்த் தடுப்பு. ஜொகூர் ஆட்டுக்காரரைக் காப்பாற்ற யாரும் இந்த விதியைப் போடவில்லை.

அப்படியானால் குறை எங்கே? பெரியவரே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிடாவுக்காக அலுவலகம் போய்வர ஒரு நாள், எண்ணெய்ச் செலவு, சோதனைக்குக் காத்திருப்பு. லோரி நிறைய மாடு ஏற்றும் வியாபாரிக்கும் கிட்டத்தட்ட அதே அலைச்சல்தான். அவருக்கு அது தலைக்குச் சில காசு. இவருக்கு ஒரு கிடாவின் லாபத்தில் பாதி போய்விடுகிறது. “அதனாலதான் பெரும்பாலும் இங்கேயே வித்திடுறேன். மச்சான் அங்கேயே ஒரு கிடாவ வாங்கிக்கட்டும்” என்று சிரித்தார்.

அடுத்து நான் நின்றது செம்பனைக் குலைகளை எடைபோடும் இடத்தில். சிறுதோட்டக்காரர்கள் கொண்டுவரும் குலைகளை வாங்கி, லோரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறார்கள். எந்த ஆலைக்கு என்று கேட்டேன். விலை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே, ஜொகூர் ஆலை என்றாலும் சரி என்றார் எடைபோடுபவர். காரணம் எளிது. குலை வாங்கவும் விற்கவும் உரிமம் தருவது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் என்ற ஒரே கூட்டரசு அமைப்பு. அதன் உரிமத்துக்கு ஆற்றின் இரு கரையும் ஒன்றுதான்.

அந்த லோரிகளின் பின்னாலேயே கெசாங் பாலத்துக்கு வந்தேன். வரவேற்புப் பலகையைத் தவிர மாநிலம் மாறுகிறது என்று சொல்ல ஒன்றும் இல்லை. அக்கரையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். பிறந்த வீடு மெர்லிமாவ். “கொரோனா நேரத்துல போலீஸ் மறிச்சாங்க. காய்கறி லோரி போச்சு, முட்டை லோரி போச்சு. அம்மாவப் பார்க்க நான் போக முடியல” என்றார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன்பிறகு இடையிடையே தளர்ந்தாலும், மாநில எல்லை கடக்கும் தடை முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கு 2021 அக்டோபர் 11-இல்தான் நீங்கியது. மாநில எல்லை என்று ஒன்று இருப்பதைப் பலர் தங்கள் வாழ்நாளில் முதல்முறையாக உணர்ந்த காலம் அது.

யாரும் தடை என்று நினைக்காத ஒரு தடையையும் அக்காதான் எடுத்துக் கொடுத்தார். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மலாக்காவில் சனியும் ஞாயிறும். ஞாயிறன்று ஜொகூரில் பள்ளி நடக்கும், மலாக்காவில் நடக்காது. இரு மாநில அரசு அலுவலகங்களும் ஒரே நேரத்தில் திறந்திருந்தது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. கனடாவில் பேசப்படும் தடைகளில் பெரும்பங்கு இப்படிப்பட்டவைதாம். யாரையும் மறிக்க வேண்டும் என்று போடப்பட்டவை அல்ல, ஆளுக்கொரு விதி வைத்துக்கொண்டதால் முளைத்தவை.

இந்தியாவின் வாளையாறு சோதனைச் சாவடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாலம் வியப்பாக இருக்கும். தமிழகத்துக்கும் கேரளாவுக்கும் இடையே அங்கே லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1-இல் சரக்கு, சேவை வரி வந்த பிறகே மாநில எல்லைகளில் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. நமக்கு அந்த வரிசை இல்லை. ஆனால் நம்முடைய வாளையாறு தென்சீனக் கடலில் இருக்கிறது. மெர்லிமாவ் இளைஞர் பிந்துலுவில் வேலைக்குப் போனால் சரவாக்கின் வேலை அனுமதி வேண்டும். தீபகற்பத்து வழக்கறிஞர் அங்கே நினைத்தபடி வழக்காட முடியாது. ஆட்டை அனுப்பினால் அது இறக்குமதி. சபாவும் சரவாக்கும் கச்சா செம்பனை எண்ணெய்க்குத் தனியாக மாநில விற்பனை வரி வாங்குகின்றன. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கை மலேசியக் கப்பல்கள்தாம் ஏற்ற வேண்டும் என்ற 1980-ஆம் ஆண்டுக் கொள்கை அங்கே விலைவாசியை ஏற்றுகிறது என்ற குறை நெடுநாள் ஒலித்தது. 2017 ஜூன் 1-இல்தான் விலக்கு வந்தது. கவனித்துப் பார்த்தால் இவற்றில் இரு வகை உண்டு. குடிநுழைவு உரிமையும் விற்பனை வரியும் 1963-இல் மலேசியாவில் சேர அந்த மாநிலங்கள் பெற்றுக்கொண்ட உத்தரவாதங்கள். கப்பல் கொள்கை மத்தியில் போடப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘தடை’ என்று பேசினால் சபா, சரவாக் மக்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே தடை இருக்கலாமா கூடாதா என்ற ஒற்றைக் கேள்வி உதவாது. ஒவ்வொரு தடையிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: யாரைக் காக்கிறாய்? உன் செலவு யார் தலையில் விழுகிறது? கிடா பெர்மிட் முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறுகிறது. சிறு வளர்ப்பாளர்கள் இருக்கும் தோட்டங்களுக்குக் கால்நடை அதிகாரி மாதம் ஒரு நாள் நேரில் வந்து, ஆடுகளைச் சோதித்து, அந்த இடத்திலேயே சீட்டைக் கொடுத்துவிட்டால் நோய்க் கண்காணிப்பும் குறையாது, பெரியவரின் ஒரு நாளும் போகாது. உள்நாட்டு வணிகத் தடை பற்றி வாதாடுபவர்கள் கோடிகளில் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். ஒரே ஒரு கிடாவை விற்க நினைப்பவருக்கு ஆகும் செலவிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கினால், எந்த விதியை எடுக்க வேண்டும், எதை வைத்துக்கொண்டு எளிதாக்க வேண்டும் என்பது சீக்கிரம் விளங்கிவிடும்.