தாம்பூலம் யார் கொடுப்பது?

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. திருவிழா என்றால் பம்பை, ஆடி வந்தால் ஆர்கெஸ்ட்ரா, மகாபாரதம் வைக்கிற ஊர்களில் விடிய விடியக் கூத்து. பித்தளையில் ஒன்று, மரத்தில் ஒன்று என இரட்டையாகக் கட்டிய பம்பையை இடுப்பில் மாட்டிக்கொண்டு நாலு பேர் அடிக்கத் தொடங்கினால் சாமியாடிக்கு முன்னால் நமக்கே கால் நிற்காது. ஆனால் தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, கிதாரும் டிரம்ஸுமாகப் பாடுகிற பேண்ட் எதுவும் இங்கே மேடையேறி நான் பார்த்ததில்லை. சேலம்-பெங்களூரு ரயில் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கிதார் பையோடு யாரும் இறங்குவதில்லை.

ஊர்க்காரர்களுக்கு ரசனை போதாது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாஞ்சாலி சபதத்தை இரவு முழுக்கக் கண்கொட்டாமல் பார்க்கிற கூட்டத்துக்கு மூன்று நிமிஷப் பாட்டைக் கேட்கத் தெரியாதா? விஷயம் தாம்பூலத்தில் இருக்கிறது. கூத்து செட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் தாம்பூலம் கொடுத்து நாள் குறிக்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு விழாக் கமிட்டி அட்வான்ஸ் தருகிறது; சினிமாப் பாட்டுத்தான் பாட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பணம் தலைக்கட்டு வரியிலிருந்து வருகிறது. பல ஊர்களில் தலித்துகள் வாழும் காலனியிடம் அந்த வரியை வாங்குவதே இல்லை. வாங்கினால் உரிமை கேட்பார்களே! ஆக, யார் பாடுவது, எந்தத் தெருவில் பாடுவது, எதைப் பாடுவது எல்லாம் வரி நோட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தக் கணக்குக்கு வெளியே நின்று பாட முயன்றவர்களில் நான் விடாமல் கவனித்துவருபவர் இசைக்கலைஞர் டென்மா. சென்னையில் அவரும் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்திய பேண்டின் பெயர் குரங்கன். ராக் என்றாலே ஆங்கிலம் என்றிருந்த மேடைகளில் அவர்கள் தமிழில், தங்கள் சொந்தப் பாட்டுகளோடு நின்றார்கள். பெயரே சொல்லிவிடும், யாரையும் வணங்கி நிற்கிற பேண்ட் இல்லை அது.

பிறகு இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கின. பெயருக்கு வேர், சிந்தனையாளர் அயோத்திதாசர் வலியுறுத்திய சாதிபேதமற்ற தமிழர் என்ற எண்ணம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. 19 பேர் கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். எலெக்ட்ரிக் கிதாருக்குப் பக்கத்தில் பறை, டிரம்ஸுக்குப் பக்கத்தில் சட்டி, கட்ட மோளம். வடசென்னையில் சாவு வீட்டோடு ஒதுக்கி வைத்திருந்த கானா நடுமேடைக்கு வந்தது. இடஒதுக்கீட்டுக்கு ஒரு பாட்டு, மாட்டுக்கறிக்கு ஒரு பாட்டு. அதே ஆண்டு 'மகிழ்ச்சி' என்ற ஆல்பமும் வந்தது.

தர்மபுரி மாவட்டத்துக்காரன் இதை வேறு காதோடு கேட்கிறான். 2012 நவம்பரில், ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் உள்ளிட்ட மூன்று காலனிகளில் வீடுகளைக் கொளுத்திய மாவட்டம் இது. சென்னையில் கைதட்டல் வாங்குகிற வரியை இங்கே எங்கள் கடைவீதியில் பாடினால் முதலில் வருவது போலீஸ் ஜீப்பாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட குழுவுக்கு எந்த விழாக் கமிட்டி தாம்பூலம் கொடுக்கும்?

குழுவில் இருந்தவர்கள் பிறகு தனித்தனியாகவும் வளர்ந்தார்கள். கானா பாடும் இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பாடகி தீயோடு சேர்ந்து ராப் பாடகர் அறிவு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் உலகம் சுற்றியது. டென்மா 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 'நட்சத்திரம் நகர்கிறது' படங்களுக்கு இசையமைத்தார். சினிமா கடைசியில் எல்லோரையும் இழுத்துக்கொள்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 19 பேர் பேண்டை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியுமா என்று அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை. எங்கள் பம்பைக்காரரே திருவிழா இல்லாத மாதங்களில் தக்காளி மண்டிக்கு மூட்டை தூக்கப் போகிறார். அதற்காக அவரைப் பம்பைக்காரர் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

இந்தக் கதையில் பேண்டின் பாட்டுகளைவிடவும் பெரிய சாதனையாக எனக்குப் படுவது 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'. சபாக்களின் மாதம் என்று பெயர் வாங்கிய மார்கழியில் பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை போட்டார்கள். தங்களுக்கு நாள் குறிக்க ஆளில்லாதவர்கள் நாளைத் தாங்களே குறித்துக்கொண்டார்கள். பாட்டு எழுதுவது ஒரு திறமை. அந்தப் பாட்டுக்குக் காலண்டரில் இடம் பிடிப்பது அதைவிடக் கடினமான வேலை. பல பேண்டுகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14 அன்று காலனிகளில் பந்தல் போட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே வசூலித்து, ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். ஸ்பீக்கர் வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால், பாடுகிறவர்களையே வரவழைத்துவிடலாம். ஊர்த்தெருவும் அந்த வசூலில் பங்கு கொடுத்துவிட்டு வந்து உட்காரும் என்றால், முதல் ஆளாக என் வீட்டு வரியை எழுதிக்கொள்ளட்டும்.