பிரேக் பர்ஸில் இருக்கிறது!

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினால் செம்பாக்கம். ஞாயிறு காலை அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். வாசலில் நிற்பதெல்லாம் பழைய ஸ்கூட்டர்கள். பேச்சு மட்டும் 200 கிலோமீட்டர் வேகம்!

“2025 ஜனவரி, துபாய் பிராக்டீஸ்ல அஜித் கார் தடுப்புல மோதிச்சு. அதே வாரம் அவர் டீம் அவங்க பிரிவுல மூணாவது! தில்லுன்னா அது” என்றார் ஐ.டி. இளைஞர் ஒருவர்.

“அவருக்குப் பின்னாடி ஒரு டீமே இருக்கு தம்பி. சொந்தக் காசுல ராலி ஓட்டுறவனை நினைச்சுப் பாரு” என்றார் பேங்க் அண்ணன். “மண் ரோட்டுல, கடிகாரத்தோட போட்டி. பக்கத்துல கோ-டிரைவர் ஒவ்வொரு வளைவா படிச்சுக்கிட்டே வருவார். ஒண்ணுல கார் உருண்டா கம்பெனி டீமுக்கு ஒரு ராத்திரி வேலை. இவனுக்கு வருஷமே குளோஸ்!”

“அதுக்காக மெதுவா ஓட்டினா ஸ்பான்சர் வருவானா?”

அண்ணன் கப்சிப். வேகமாகப் போனால்தான் பணம். மோதினால் பணம் போச்சு. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயனின் அப்பா, ராலி சாம்பியன். அந்த வீட்டுப் பிள்ளைக்கே ஸ்பான்சர் வேண்டியிருந்தது!

திரும்பும் வழியில் ஏரிப் பக்கம் ஒரு பள்ளம். அவசரமாக பிரேக் பிடித்தேன். வண்டியும் நம்முது, மெக்கானிக் பில்லும் நம்முது!