ஃபேக்ஸ் போச்சா, போய்ச் சேந்துச்சா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல மக்கா. ஆணி ஜாஸ்தி. ஆனா புடுங்குறதுக்கு ஆணியே இல்லாம நாலு மாசம் சும்மா உக்காந்திருந்தேனே, அந்தக் கதையை இன்னும் சொல்லவே இல்லைங்கிறது நேத்து ராத்திரி ஒரு பழைய ஃபைலைக் குடைஞ்சப்போதான் உறைச்சுது.

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். இது என் சொந்தக் கதை, சட்ட ஆலோசனை கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற. எந்தக் கம்பெனி, எந்த மாநிலம்னு கேக்காதீங்க, வீண் வம்பு.

2024 மார்ச் நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை. காலைல ஒம்போதரைக்கு டாமேஜர் பதினஞ்சு நிமிஷ மீட்டிங் ஒண்ணு போட்டிருந்தாரு. உள்ள போனா ஹெச்.ஆர். அம்மா கேமராவை ஆன் பண்ணி சோகமா சிரிச்சாங்க. அப்பவே புரிஞ்சுடுச்சு. ஒம்போது நாப்பதுக்குப் பேச்சு முடிஞ்சுது. ஒம்போது நாப்பத்தஞ்சுக்கு லேப்டாப் தானா லாக் ஆயிடுச்சு. முதல் நாள் எழுதின கோடை இன்னும் செக்-இன் பண்ணலையேன்னுதான் முதல்ல தோணுச்சு, சத்தியமா.

நான் இங்க வந்தது 2021-ல, கல்யாணம் ஆகி, ஹெச்-4 விசாவுல. இஞ்சினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் சென்னையில பொட்டி தட்டின பொண்ணு, இங்க வந்து ஒண்ணரை வருஷம் சாம்பார் மட்டும் வச்சேன். ரங்கமணிக்கு கிரீன் கார்டு பாதி வழியில நின்னதால (ஐ-140 வரைக்கும் ஓகே, அதுக்கு மேல இந்தியர்களுக்கு வரிசை எவ்ளோ நீளம்னு உங்களுக்கே தெரியும்) எனக்கு ஈ.ஏ.டி. கார்டு போட முடிஞ்சுது. கார்டு வந்து, 2023 ஜனவரியில வேலை கிடைச்சு, பதினாலு மாசம் சம்பளம். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஹெச்-1பி-ல இருக்கிறவங்களுக்கு வேலை போனா 60 நாள் அவகாசம், அவ்ளோதான். அன்எம்ப்ளாய்மெண்ட் பணம் பெரும்பாலும் கிடைக்காது. வேற வேலைக்கு உடனே போகத் தகுதியோட தயாரா இருக்கணும்ங்கிறதுதான் அதுக்கு அடிப்படை விதி, அவங்க விசாவோ ஒரு முதலாளியோட கட்டிப் போட்டது. ஈ.ஏ.டி. அப்படி இல்ல, யாருகிட்ட வேணா வேலை பாக்கலாம். அதனால எனக்கு உரிமை உண்டு. இந்த விஷயத்தை எனக்குச் சொன்னது எதிர் அபார்ட்மெண்ட் தெலுங்கு அக்கா.

ரங்கமணிகிட்ட சொன்னேன். "விடும்மா. என் சம்பளம் போதும்ல. இதுக்கெல்லாம் அப்ளை பண்ணி கிரீன் கார்டுக்கு வேட்டு வச்சுக்கப் போறோம்." ஊர்ல அம்மா இன்னும் ஒரு படி மேல: "ஏட்டி, வேலை இல்லேன்னு கவர்மெண்ட்டுகிட்ட கையேந்துறதா? நாலு பேரு கேட்டா என்ன சொல்ல?"

ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும்னே உக்காந்து படிச்சேன். இது பிச்சை இல்ல, இன்ஷூரன்ஸ். 1932-ல விஸ்கான்சின் மாநிலம் முதல்ல சட்டம் போட்டுது. 1935-ல ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்ட சோஷியல் செக்யூரிட்டி சட்டம் நாடு பூரா கொண்டு வந்துது. 1936 ஆகஸ்ட்ல விஸ்கான்சின்ல எழுதின முதல் செக் 15 டாலர். பணம் கட்டுறது முதலாளி. மத்திய அரசுக்கு ஒவ்வொரு ஆளோட முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு 6 சதவீத வரி. மாநிலத்துக்கு ஒழுங்கா கட்டினா அதுல 5.4 கழிச்சுக்கலாம், மிச்சம் வருஷத்துக்கு தலைக்கு 42 டாலர். அந்த 7,000-ங்கிற எண்ணு 1983-லேர்ந்து மாறவே இல்ல, நான் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடி. மாநில வரி தனி. ஆக என் பேருக்கும் யாரோ பிரீமியம் கட்டியிருக்காங்க. கிரீன் கார்டு பயத்துக்கும் பதில் இருந்துச்சு: இது உழைச்சுச் சம்பாதிச்ச உரிமைங்கிறதால, அரசாங்கத்துக்குப் பாரமா இருக்காங்களான்னு பாக்குற கணக்குல இதைச் சேக்கிறதில்ல. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சேன், ரங்கமணி பால் எடுக்குறப்பல்லாம் கண்ணுல படட்டும்னு.

உள்ளதைச் சொல்லணும்னா பணம் ரெண்டாவதுதான். அவரு சொன்ன அந்த "விடும்மா" இருக்கு பாருங்க, அதுதான் உள்ள போயி குத்துச்சு. அவரு நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா ஒண்ணரை வருஷம் ஷாம்பு வாங்கக்கூட அவரு கார்டைத் தேய்ச்சது எனக்குத்தான தெரியும்.

அப்ளை பண்ணேன். ஏப்ரல் 10, புதன்கிழமை லெட்டர் வந்துச்சு. பிரிச்சா ஒரு அட்டவணை. நாலு காலாண்டு, நாலு கட்டம். நாலுலயும் 0.00 டாலர். மொத்தம் 0.00. வாராந்திரத் தொகை 0.

அதாவது, நான் அமெரிக்காவுல வேலையே பாக்கலையாம்.

சிரிச்சுத் தொலைச்சிருக்கலாம். ஆனா ஏற்கனவே ஒரு மாசமா வீட்டுல உக்காந்து ஒண்ணுமில்லாதவளா உணர்ந்துட்டிருந்தவளுக்கு, அரசாங்கமே லெட்டர்ஹெட்ல "ஆமா, நீ ஒண்ணுமில்ல"ன்னு எழுதி அனுப்பினா எப்படி இருக்கும்?

கீழ பொடி எழுத்துல: இது தப்புன்னா சம்பள ரசீது, டபிள்யூ-2 எல்லாம் லெட்டர் தேதியிலேர்ந்து பத்து நாளைக்குள்ள எங்ககிட்ட வந்து சேரணும். தபால் அல்லது ஃபேக்ஸ். லெட்டர் தேதி ஏப்ரல் 4. வந்து சேந்ததே ஆறு நாள் கழிச்சு. பத்தாவது நாள் ஏப்ரல் 14, ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு சித்திரை ஒண்ணு வேற. தபாலை நம்ப முடியாது. இணையத்துல ஏத்தலாம்னு பாத்தா அந்தப் பக்கம் அடையாள அட்டையை மட்டும்தான் வாங்குது.

மிச்சம் ஃபேக்ஸ். 2024-ல. நம்ம கைல க்ளவுடு, கண்டெய்னர், மண்ணாங்கட்டி எல்லாம் இருக்கு. எதிர்ல 1843-ல அலெக்சாண்டர் பெய்ன் காப்புரிமை வாங்கின சமாச்சாரம். கிரஹாம் பெல் டெலிபோனுக்கு காப்புரிமை வாங்குனதுக்கே 33 வருஷம் முந்தி! இந்தத் துறைகளோட பழைய கம்ப்யூட்டர் கதை 2020 ஏப்ரல்லயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. கொரோனாவுல ஒரே வாரத்துல நாடு பூரா 60 லட்சம் பேருக்கு மேல விண்ணப்பிச்சப்போ, நியூ ஜெர்சி கவர்னர் கோபால் தெரிஞ்ச தன்னார்வலர் வேணும்னு மைக் முன்னாடி நின்னு கேட்டாரு. (கோபால்னா கோபாலகிருஷ்ணன் இல்ல, 1959-ல ஆரம்பிச்ச புரோகிராமிங் மொழி :-))

முதல்ல போன்ல ஒரு ஃபேக்ஸ் ஆப். மூணாம் பக்கத்துல அத்துக்கிச்சு. ரெண்டாவது தடவையும் அங்கயே. இது ஏன்னு எனக்குத் தெரியும். ஃபேக்ஸ்ங்கிறது சத்தம். பழைய செம்புக் கம்பியில விடாம ஓடுறதுக்குன்னு செஞ்ச சத்தம். இன்டர்நெட் வழியா போற குரல் நடுநடுவுல துளி விழுந்தா நம்ம காதுக்குத் தெரியாது, ஃபேக்ஸ் மெஷினுக்குத் தெரியும், உடனே கோவிச்சுக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொது நூலகத்துக்குப் போனேன். பக்கத்துக்கு ஒரு டாலர். பதினாலு பக்கம். தயாரிப்புல குறை வைக்கல மக்கா: ஒவ்வொரு தாள் தலைலயும் பேரு, க்ளெய்ம் நம்பர், 14-ல எத்தனாவதுன்னு எழுதியாச்சு, அங்க தாள் பிரிஞ்சு போனாலும் சேத்துக்கலாம். ஃபேக்ஸுக்கு கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், சாம்பல் நிறம் கிடையாது. அப்படியே அனுப்பினா ரசீதுல சாம்பல் பட்டை போட்ட இடமெல்லாம் கரி பூசிடும், ஈ.ஏ.டி. கார்டுல என் மூஞ்சி கரிச்சட்டி ஆயிடும். அதனால எல்லாத்தையும் வெளிறலா ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டேன்.

இதெல்லாம் எங்க கத்துக்கிட்டேன்னு கேக்குறீங்களா? எங்கப்பா கோவில்பட்டியில எஸ்.டி.டி. பூத் வச்சிருந்தாரு. மஞ்ச போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு நம்பர் ஓடுற மீட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு ஃபேக்ஸ். தீப்பெட்டி ஆபீஸ்காரங்களோட ஆர்டரு, வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களோட பேப்பரு எல்லாம் அந்த மெஷின் வழியாத்தான் போகும். பளபளன்னு சுருள் பேப்பர்ல வர்ற ஃபேக்ஸ் கொஞ்ச நாள்ல எழுத்து மங்கிடும்னு, வந்த உடனே ஒரு ஜெராக்ஸும் போட்டுக் குடுப்பாரு. நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு தாளை உள்ள விடுவேன். ஆறேழு வயசு இருக்கும். கீஈஈன்னு கத்தி ரெண்டு மெஷினும் பேசிக்கிறது அவ்ளோ பிடிக்கும்.

அதே பழக்கத்துல தாளை அடுக்கி, நம்பர் போட்டு, பட்டனை அமுக்கினேன். நாலு தடவை பிஸி. அஞ்சாவது தடவை கீஈஈ. சரசரன்னு இழுத்துச்சு. மூணு நிமிஷம் சொச்சத்துல பதினாலு பக்கமும் காலி. ரிப்போர்ட்டு வந்துச்சு: பக்கம் 14, முடிவு ஓகே. பரவால்லையே, மெஷின் நல்ல ஸ்பீடுன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன்.

ராத்திரி, ஊர்ல சனிக்கிழமை காலைல, அப்பா கூப்பிட்டாரு. புத்தாண்டுக்கு முதல் நாளே வாழ்த்துச் சொல்றது அவரு பழக்கம். வேலை போன விஷயத்துல அம்மா மாதிரி அவரு ஒண்ணுமே கேட்டதில்ல. சும்மா, ஃபேக்ஸ்னா சந்தோஷப்படுவாருன்னு சொன்னேன்.

"எத்தனை பக்கம் பாப்பா?"

"பதினாலுப்பா."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"மூணு நிமிஷம். ரிப்போர்ட்டு ஓகே வந்துருச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "எழுத்துப் பக்கமா எல்லாம்?"

"ஆமாப்பா, சம்பள ரசீது. பொடிப் பொடி எழுத்து."

"அப்ப போயிருக்காது. நீ தாளைத் திருப்பிப் போட்டிருக்க. நம்ம மெஷின்ல எழுத்து கீழ பாக்கணும். எல்லா மெஷினும் அப்படி இல்ல. மேல பாக்கிறதும் உண்டு, ஓரத்துல சின்னப் படம் போட்டிருப்பான், பாத்தியா?"

பாக்கல. கை தானா போட்டுடுச்சு.

அப்பா பத்தாங்கிளாஸ். நான் இஞ்சினியர். ஃபேக்ஸ் எப்படிச் சுருக்குதுன்னு அன்னிக்கு ராத்திரி படிச்சப்போதான் அவரு சொன்னதோட கணக்கு புரிஞ்சுது. 1980-ல வந்த குரூப் 3-ங்கிற தரம்தான் இன்னும் ஓடுது. ஒரு வரிக்கு 1,728 புள்ளி. எழுத்து இருந்தா கறுப்பு இத்தனை, வெள்ளை இத்தனைன்னு துண்டு துண்டா எண்ணி அனுப்பணும். வரி முழுக்க வெள்ளைன்னா "1,728 வெள்ளை"ன்னு முப்பது பிட்டுக்குள்ள சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடலாம். வெத்துத் தாளு வேகமா போகும். நான் ஸ்பீடுன்னு சந்தோஷப்பட்டது அதைப் பாத்துத்தான். ரிப்போர்ட்டுல ஓகே போட்டது பொய்யும் இல்ல: பதினாலு வெள்ளைத் தாள் ஒரு குறையும் இல்லாம போய்ச் சேந்திருக்கு! பேரு எழுதின முகப்புத் தாளும் அதுல ஒண்ணு.

"போச்சான்னு கேக்காத பாப்பா, போய்ச் சேந்துச்சான்னு கேளு"ம்பாரு அப்பா, ஃபேக்ஸ் அனுப்ப வர்றவங்ககிட்ட எல்லாம். ரிப்போர்ட்டைக் கிழிச்சுக் குடுத்த கையோட, அந்தப் பக்கத்துக்கு ஒரு போனையும் போடச் சொல்லுவாரு. போன் காசுக்காகத்தான் சொல்றாருன்னு நான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்.

சனிக்கிழமை நூலகம் ஒரு மணி வரைக்கும்தான். ரங்கமணி காரை எடுத்தாரு, எதுவும் பேசல. உள்ள வந்து மெஷின் ஓரத்துப் படத்தைக் குனிஞ்சு பாத்து, "மடிச்ச மூலை மேல இருக்கு, அப்ப எழுத்து மேல"ன்னு அவரேதான் சொன்னாரு. பன்னெண்டு மணி வரைக்கும் பிஸி. பன்னெண்டு இருபதுக்குக் கிடைச்சுது. இந்தத் தடவை மெஷின் ஒவ்வொரு தாளையும் மாட்டுவண்டி மாதிரி இழுத்துச்சு. பதிமூணு நிமிஷம். அவ்ளோ மெதுவா ஒரு வேலை நடந்து நான் சந்தோஷப்பட்டதே இல்ல.

திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு அவங்க நம்பரைப் போட்டேன். ரெண்டு மணி பத்து நிமிஷம் அதே பாட்டு. கடைசில ஒரு அம்மா வந்தாங்க. பொறுமையா தேடிப் பாத்துட்டு, "மொத்தம் 28 பக்கம் இருக்கும்மா. முதல் பதினாலு வெறும் தாள்"ன்னாங்க. நான் அசடு வழிய, "இந்த மாதிரி தினமும் வருது, கவலைப்படாதீங்க"ன்னு சிரிச்சாங்க. அவங்களே ரசீதுல இருந்த நம்பரையும் கம்பெனி அனுப்பின காலாண்டுக் கணக்கையும் ஒப்பிட்டுச் சொன்னாங்க: என் சோஷியல் செக்யூரிட்டி நம்பர்ல ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கு. பதினாலு மாசமா என் சம்பளம் பூரா வேற யாரோ ஒருத்தர் கணக்குல, இல்ல யாருமே இல்லாத கணக்குல, ஏறியிருக்கு.

மூணு வாரம் கழிச்சு புது லெட்டர். கட்டத்துல எல்லாம் எண்ணு இருந்துச்சு. முதல் வாரத்துக்குக் காசு கிடையாது, அது காத்திருப்பு வாரமாம். மிச்சத்துக்கு மொத்தமா போட்டாங்க, அதுக்கும் வருமான வரி உண்டு. தொகை எவ்ளோன்னு கேக்காதீங்க, மாநிலத்தைக் கண்டுபிடிச்சுடுவீங்க ;-) மிசிசிப்பியில வாரத்துக்கு அதிகபட்சமே 235 டாலர்தான், மாசசூசெட்ஸ்ல ஆயிரத்தைத் தாண்டும்; நான் நடுவுல எங்கயோ. ஜூலையில வேற வேலை கிடைச்சதும் நிறுத்திட்டேன்.

அந்த 0.00 லெட்டரும் ரெண்டு ரிப்போர்ட்டும்தான் நேத்து ஃபைல்ல கிடைச்சுது. போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். அரை மணி நேரத்துல போன்.

"ஏ பாப்பா, பக்கத்துக்கு எவ்ளோ வாங்குனாங்கன்ன?"

"ஒரு டாலருப்பா."

"ரெண்டு தடவையும் சேத்து இருபத்தெட்டு டாலரா? அந்த வெள்ளைத் தாளுக்குமா வாங்குனாங்க?"

"ஆமாப்பா."

"நான் வாங்கியிருக்க மாட்டேன்"ன்னுட்டு வச்சுட்டாரு.