இரவைத் தாண்டிய வெந்நீர்

கோவையில் எங்கள் தெருவில் பல மொட்டை மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தாலும் சுடச்சுடத் தண்ணீர் வருகிறது. வெயில் இறங்கி எத்தனையோ மணி நேரம் ஆகியிருக்கும். இதை முதலில் செய்தது யார் என்று தேட ஆரம்பித்தேன். கென் பட்டியும் ஜான் பெர்லினும் எழுதி 1980இல் வெளிவந்த ‘எ கோல்டன் த்ரெட்’ புத்தகத்தைப் படித்ததும் என் கேள்வியே மாறிவிட்டது. வெயிலில் தண்ணீரைச் சூடாக்கியவர்கள் ஏராளம். ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் காப்பாற்றியது யார்?

1767இல் ஜெனீவாவின் ஓராஸ் பெனடிக்ட் டி சோசூர் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து வெயிலைப் பிடித்தார். பின்னர் மரப்பெட்டிக்குள் கறுப்புத் தக்கை பதித்துச் செய்த பெட்டி, தண்ணீர் கொதிக்கும் சூட்டையே தாண்டியது. ஆனால் அவர் தேடியது குளிக்க வெந்நீர் அல்ல. வெயிலின் வெப்பத்தை அளந்து பார்ப்பதே அவர் நோக்கம்.

வெந்நீருக்காக அமெரிக்கப் பண்ணைகளில் கறுப்புத் தொட்டியை வெயிலில் வைத்தார்கள். பிற்பகலில்தான் சூடேறும், இருட்டியதும் ஆறிவிடும். பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் அந்தத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து, ‘கிளைமாக்ஸ்’ என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். விலை 25 டாலர். 1897 வாக்கில் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் வெயில்தான் தண்ணீரைச் சூடாக்கியது. எனக்கு இது பெரிய ஆச்சரியம். அப்படியும் ராத்திரிச் சிக்கல் தீரவில்லை. தண்ணீர் எங்கே சூடாகிறதோ அங்கேயே, மெல்லிய கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தால் ஆறத்தானே செய்யும்?

விடை வில்லியம் ஜே. பெய்லியிடம் இருந்தது. 1909இல் அவர் சூடாக்கும் இடத்தையும் சேமிக்கும் இடத்தையும் பிரித்துவிட்டார். கூரையில் ஆழமில்லாத பெட்டி. அதற்குள் கறுப்புத் தகட்டோடு ஒட்டிய குழாய்கள். அதைவிட உயரத்தில் தொட்டி; அதைச் சுற்றிக் கனத்த வெப்பக் காப்பு. சூடான நீர் லேசாகித் தானே மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம். பகலிலும் இரவிலும் வெந்நீர் கிடைத்ததால் அவர் கம்பெனிக்குப் பெயரே ‘டே அண்ட் நைட்’. 1913இல் கலிபோர்னியாவில் கடுங்குளிர் வந்து குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடித்தபோது, உறையாத திரவத்தைக் குழாயில் ஓடவிட்டு, தொட்டிக்குள் ஒரு சுருள் வழியாகத் தண்ணீரைச் சூடாக்கினார். இன்று குளிர்நாடுகளில் கூரைமேல் இருப்பதும் இதே ஏற்பாடுதான். இந்தத் தேடலில் நான் கும்பிட்டு நின்ற மனிதர் பெய்லிதான்.

1920களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இயற்கை எரிவாயு கொட்டியது. விலை மலிந்தது, கூரை ஹீட்டர் விற்பனை படுத்தது. பெய்லி அதே காப்புத் தொட்டியை வைத்து கேஸ் ஹீட்டர் செய்யப் போய்விட்டார். தொழில் ஃபுளோரிடாவுக்கு நகர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்புக்குக் கட்டுப்பாடு வந்ததும் அங்கும் நின்றது. கருவி தோற்கவே இல்லை. எரிபொருள் மலிந்த ஊரில் அதை மறந்தார்கள், எரிபொருள் இல்லாத ஊரில் தேடி எடுத்தார்கள். இஸ்ரேலில் 1950களில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது லெவி யிஸ்ஸார் இதை வீட்டுக்கூரைக்குக் கொண்டுவந்தார். 1980இல் அங்கே புது வீடுகளுக்குச் சட்டமே இதைக் கட்டாயமாக்கியது.

நம் மாடிகளில் வரிசையாகச் சாய்ந்திருக்கும் கண்ணாடிக் குழாய்க்கு வேறொரு முன்னோர் உண்டு. திரவமாக்கிய வாயுக்களைக் குளிர் குறையாமல் வைத்திருக்க ஜேம்ஸ் டீவார் 1892இல் இரட்டைச் சுவர்க் குடுவை செய்தார். சுவர்களுக்கு நடுவே வெற்றிடம். நம் பிளாஸ்க் அதன் வழி வந்ததுதான். அதே வெற்றிடம்தான் சோலார் குழாயிலும். உள்சுவரில் வெயிலை உறிஞ்சும் கறுப்புப் பூச்சு. சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 1980களில் யின் ஜிச்சியாங் உருவாக்கிய பூச்சு இதை மலிவாக்கியது. மூடிய முனையில் வெள்ளிபோல் மின்னுவது பேரியம். மிச்சமிருக்கும் காற்றை அது இழுத்துக்கொள்கிறது. வெற்றிடம் போய்விட்டால் வெள்ளி நிறம் மாறி வெளுத்துவிடும். வெந்நீர் முன்போல் வரவில்லை என்றால் மாடியேறி அந்த முனைகளைப் பாருங்கள். வெளுத்த குழாயை மட்டும் மாற்றினால் போதும்.