பாதையா, அனுமதியா?

"கீழே இருக்கிற கம்ப்யூட்டர் ஃபோல்டர் மாடியில திறக்க மாட்டேங்குது" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "ஸ்கிரீன்ல என்ன வந்திருக்கு? அப்படியே படிங்க." பாதை கிடைக்கவில்லை என்று வந்தால் ஒரு வேலை, அனுமதி இல்லை என்று வந்தால் முற்றிலும் வேறு வேலை. இதைப் பிரிக்காமல் செட்டிங்ஸில் கை வைத்தால் பாதி நாள் போய்விடும்.

பாதைச் சிக்கல் பெரும்பாலும் எளியது. கணினியின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்துப் பார்ப்பேன். திறந்தால் கோளாறு பெயரில். முகவரியே 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் அதற்கு முகவரி தரவில்லை. லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, விண்டோஸ் வீட்டு நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று வைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அனுமதிச் சிக்கலுக்குத்தான் பொறுமை வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் குடும்பப் படங்கள் எல்லாம் கீழ்க் கணினியில் இருந்தன. மாடியில் பேத்தியின் லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. ஆசிரியை தினமும் தன் கணினியில் போடும் நாலு இலக்கப் பின்னையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பின் அந்த ஒரு கணினியில் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும். நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கணக்கின் பாஸ்வேர்டோ அவருக்கு நினைவில்லை. கீழ்க் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, புதுப் பாஸ்வேர்டு வைத்தேன். அப்போதும் திறக்கவில்லை. ஷேரிங் பக்கத்தில் அனுமதி கொடுத்திருந்தேன், செக்யூரிட்டி பக்கத்தில் கொடுக்கவில்லை. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அதையும் கொடுத்ததும் படங்கள் வந்தன. பேத்தி முதலில் தேடியது தாத்தாவின் படத்தை.

'எவரிவன்' என்பதற்கு முழு உரிமை கொடுத்து, ஃபயர்வாலை அணைத்திருந்தால் அன்று பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன். அப்படிச் செய்வதை நான் வேலையாகவே மதிப்பதில்லை. பழைய ஹார்டு டிஸ்க் பெட்டி ஒன்று நெட்வொர்க்கில் தெரிய வேண்டும் என்பதற்காக, கோப்புப் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைப் படிப்படியாக எடுக்க ஆரம்பித்தார்கள். எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெட்டி பழசானால் பெட்டியை மாற்றுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தவர் "எல்லாம் திறந்து விட்டாச்சு" என்று சொன்னால், எதையெல்லாம், யாருக்கெல்லாம் திறந்தார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.