மண் எடுத்த மூலை

வடமாலபேட்டையில் பெரியப்பாவின் மானாவாரி நிலத்தில் மொச்சை விதைத்தபோது, ஆய்வேட்டின் ஓர் அதிகாரம் முடிந்ததென்றே நம்பினேன். (வீட்டில் மொச்சை, சந்தையில் அனபகாய.) தொட்டிச் சோதனை அத்தனை அழகாக வந்திருந்தது. வேர் உட்பூசணம் இட்ட செடிகள் தழைத்து நின்றன. இடாதவை கரும்பச்சையாய்க் குறுகிப் போயின.

எங்கள் செம்மண்ணில் மணிச்சத்து இல்லாமல் இல்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதைப் பற்றிக்கொண்டு விட மறுக்கின்றன. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் கிடைப்பதை உறிஞ்சிவிட்டுப் பட்டினி கிடக்கும். வேருக்குள் குடிபுகும் பூசணமோ, வேர்த்தூவியினும் மெல்லிய இழைகளைச் சில சென்டிமீட்டர் தொலைவுக்கு அனுப்பி அதைத் திரட்டி வரும். கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெறும். பயறுவகைகளுக்கு இந்த உதவி இன்னும் அவசியம். வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்த மிகுந்த ஆற்றல் வேண்டும். மணிச்சத்தின்றி அவ்வாற்றல் இல்லை. 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் இக்கூட்டுறவுக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். நம் பக்கத்தில், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாக்யராஜ் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம்.

வயலுக்கு மனப்பாடம் இல்லை. பூ விடும் பருவத்தில், இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு ஏதுமில்லை.

"என்னடா, நீ போட்ட மருந்து எந்தப் பக்கம் இருக்குது?" என்றார் பெரியப்பா.

வேர்களை எடுத்துச் சென்று, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து, டிரிப்பான் நீலம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். இடாத வேர்களிலும் குட்டி மரங்களைப்போல நீலக் கிளைகள். நான் பணம் கொடுத்து வாங்கி வந்த விருந்தாளியின் உறவினர்கள் அந்த மண்ணில் முன்பே குடியிருந்தார்கள். தொட்டியில் நிரப்பிய மண்ணை நானல்லவா ஆட்டோகிளேவில் அவித்தேன்? கொன்றவனே உயிர்கொடுத்ததாகப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆனால் நிலத்தின் வடமேற்கு மூலையில், பல ஆண்டுகளுக்கு முன் லாரிக்கு மேல்மண் விற்ற பள்ளம் ஒன்று உண்டு. மீந்த விதையை அங்கே இரண்டு சாலாகப் போட்டு, ஒன்றில் மட்டும் மீந்த பூசணத்தூளை இட்டிருந்தேன். அந்த ஒரு சால் மட்டும் காய்த்தது. மறுமுறைச் சால்கள் இல்லை, வரைபடத்திலும் அந்த மூலை இல்லை. ஆய்வேட்டில் அதைச் சேர்க்க முடியாது. நெறியாளர் கேட்குமுன்னரே எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு அப்பள்ளத்தை முறைப்படி பாத்திகளாகப் பிரித்திருக்கிறோம். உயிருள்ள வேரில்லாமல் இப்பூசணம் பெருகாது என்பதால், வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி வெர்மிகுலைட் நிரப்பி மக்காச்சோளம் வளர்க்கிறேன். டி.ஏ.பி. மிகுந்தால் செடி பூசணத்தை அண்டவிடாது என்று சொல்லி, அந்தப் பாத்திகளுக்கு மட்டும் வேண்டாம் எனப் பெரியப்பாவிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். மூட்டையை மட்டும் அவர் திண்ணையைவிட்டு உள்ளே எடுத்து வைக்கவில்லை.